பாகம் நான்கு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

விவாத மேடையில் எனக்குக் கற்றுத்தரப்பட்ட முதற்பாடம், கருத்தைச் சொல்லி முடித்ததும் ஒரு நொடி நிறுத்த வேண்டும் என்பது. இரண்டாம் பாடத்தை எவரும் கற்பிக்கவில்லை, நானே கண்டறிந்தேன். அந்த ஒரு நொடி மௌனத்தின் பின் ஒரு கிதாபின் பெயரையும் அதன் பாகத்தையும் பக்கத்தையும் தடுமாறாமல் சொல்லிவிட்டால் எதிரணியில் எவரும் எழும்புவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பயான் கேட்டு வளர்ந்த எங்கள் கரையோரத்துக் காதுகளில் இலக்கத்துக்குப் பெரிய மரியாதை இருந்தது. இலக்கத்தோடு பேசுகிறவர் ஓதியவர். இலக்கமில்லாமல் பேசுகிறவர் சும்மா கதைக்கிறவர். சொன்ன பக்கத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்க்க ஊரில் அந்தக் கிதாபுகளும் இருக்கவில்லை.

நான் அந்த மரியாதைக்கு ஏங்கியவன். வாப்பாவின் குடும்பம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியது. நான் பிறந்தது அதற்கு நெடுநாள் கழித்து, இந்தக் கரையில்தான். ஆனாலும் பாடசாலையில் என்னைக் குறிப்பிட ஒரு சொல் வைத்திருந்தார்கள்: முகாம் பிள்ளை. மேடையில் ஏறியவனை எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை என்பதைப் பதினான்கு வயதில் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து கீழே இறங்க மனமில்லாதவனாக இருந்தேன். மாவட்டக் கிண்ணங்கள் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வரிசையாக நிற்கின்றன. உம்மா மாதம் ஒருமுறை அவற்றைத் துடைத்து வைப்பார். சில காலமாக நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இப்போது புத்தளத்தில் ஒரு பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிக்கிறேன். காலையும் மாலையும் கற்பிட்டி வீதி பஸ்ஸில் போய் வருகிறேன். இங்கே எழுதப்போவதில் பெரும்பகுதி அந்த பஸ்ஸின் சன்னலோர இருக்கையில், கையிலிருந்த போனில் நடந்தது.

சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, சோளகக் காற்று தொடங்கிய வாரத்தில் கடலுக்குப் போனார். கடல் சரியில்லை என்று பலர் போகவில்லை. அவரும் இன்னொருவரும் போனார்கள். உடன்போனவர் ஒரு வெற்று எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்தபடி பத்து மணித்தியாலம் மிதந்து, மாம்புரிப் பக்கத்து வள்ளமொன்றால் தூக்கப்பட்டார். சாச்சா தன் கண்முன்னே தாழ்ந்ததையும் மறுபடி மேலே வராததையும் பள்ளிவாசல் நிர்வாகசபையின் முன் அவர் சத்தியம் பண்ணிச் சொன்னார். ஒன்பது நாள் தேடினார்கள். வள்ளம் கிடைத்தது. வலையில் பாதி கிடைத்தது. மையத்து கிடைக்கவில்லை.

எனவே மௌத்து உறுதி. கழுவவும் கஃபன் துணியிடவும் அடக்கவும் உடல் இல்லை. சாச்சி இத்தாவில் அமர்ந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் பார்வையில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. அமர்ந்த முதல் வாரத்திலேயே தம் சகோதரர் மூலம் பள்ளிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார். உடல் இல்லாவிட்டாலும் சாச்சாவுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த வேண்டும். அவ்வளவுதான். நான்கு முறை 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லி இறந்தவருக்காகத் தொழுவது; ஊரிலே இறந்துபோன பத்து நாள் பிள்ளைக்கும் நடக்கிற தொழுகை. வேறெதையும் அவர் கேட்கவில்லை; நிவாரணப் படிவத்தைக்கூட நாங்கள்தான் நிரப்பினோம்.

நிர்வாகசபை கூடியது. குடும்பத்தின் சார்பில் நான் போயிருந்தேன். செயலாளர், ஊருக்கெல்லாம் ஹாஜியார், சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் எழுத்தில் காட்டினால்தான் நம்புவார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனிலிருந்து வாசித்தார். அவருக்கு வட்ஸ்அப்பில் வந்திருந்த வசனம் இது:

"கடல் கொண்டவனைக் கடலே குளிப்பாட்டிவிட்டது. அலைகள் அணியணியாக நின்று அவனைத் தொழுதுவிட்டன. கரையில் நிற்பவன் மீண்டும் தொழத் தேவையில்லை."

கீழே ஒரு பெரிய இமாமின் பெயர், ஒரு கிதாபின் பெயர், பாகம் நான்கு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. இமாமின் பெயரையும் கிதாபின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னொருமுறை பரவும்.

வாசித்து முடித்த ஹாஜியார் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, நீங்க படிச்ச ஆள். இது சரிதானே?"

வசனம் எனக்குப் பழக்கமாக இருந்தது. அதன் ஏற்ற இறக்கம்கூட எனக்குத் தெரிந்திருந்தது. எங்கோ ஆழ்ந்து வாசித்த ஒன்று திரும்பி வருவதைப் போன்ற நிறைவு நெஞ்சில் எழுந்தது. ஒரு வசனம் பழக்கமாக இருப்பதற்கு அதை வாசித்திருப்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"ஓம் ஹாஜியார். நானும் வாசிச்சிருக்கேன்" என்றேன்.

அதோடு கூட்டம் முடிந்தது. பிளேன்டீ வந்தது.

சாச்சியிடம் செய்தியைச் சொல்லும் பொறுப்பும் எனக்கே விழுந்தது. நான் கணவனின் அண்ணன் மகன். இத்தாவில் இருப்பவர் முன் நேரே போக முடியாது. அறை வாசலில் நீலப்பூப் போட்ட திரைச்சீலை தொங்கியது. இப்பால் ஒரு கதிரையில் நான். அப்பால் எங்கோ அவர். முகங்களைப் பார்த்து, எந்த முகம் தளர்கிறது, எது இறுகுகிறது என்று அறிந்து பேசப் பழகியவன் நான். அன்று துணியைப் பார்த்துப் பத்து நிமிடம் பேசினேன். கடலில் மரித்தவருக்கு ஷஹீதுடைய, அதாவது வீரமரணம் அடைந்தவருடைய, கூலி உண்டு என்றேன். நம் தொழுகையைவிட உயர்ந்த தொழுகை அவருக்குக் கிடைத்துவிட்டது என்றேன். வசனத்தை இருமுறை சொன்னேன்.

பிறகு, "உறுதிதானே மகன்?" என்று கேட்டார்.

"கிதாபில் இருக்கு சாச்சி. பாகம் நான்கு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு."

"சரி மகன். வெயில் தாழ்ந்த பிறகு போங்க."

மூன்றாம் மாதம், பள்ளியில் தொழுகை நடத்திவந்த பழைய ஹஸரத் சொந்த ஊருக்குத் திரும்பிப்போக, பள்ளிக்குப் புதியவர் வந்தார். கற்பிட்டிக்காரர், என் வயது, உயர்தரத்தில் என்னோடு ஒரே வருடம், வேறு பாடசாலை. அதற்குமேலும் ஒரு தொடர்பு உண்டு: மாவட்ட இறுதி விவாதத்தில் எதிரணித் தலைவராக நின்று என்னிடம் தோற்றவர். அதன்பின் ஓதப் போனார். ஏழு வருடம் ஓதி மௌலவியானார். ஊர் அவரை ஹஸரத் என்றழைக்கிறது. தனியாகக் கண்டால் நாங்கள் மச்சான்தான்.

ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு, கைகால் கழுவும் ஹவுலடியில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்:

"மச்சான், உங்கட சாச்சாவுக்குத் தொழ வேணாம் எண்டு முடிவாமே. எந்தக் கிதாபு?"

நான் பெயரையும் இலக்கங்களையும் சொன்னேன்.

"கண்ணால பார்த்தியா?"

"இணையத்தில இருக்கு. எத்தனையோ இடத்தில."

"இணையத்தில நீயும் இருக்காய், நானும் இருக்கன். நான் கேட்டது கிதாபை." துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தப் பொம்பளைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. பார்த்துச் சொல்லு."

மேடையில் என்னை வெல்ல முடியாதவர் ஹவுலடியில் வெல்லப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் தேடத் தொடங்கினேன். ஒரு வாரத்தில் முடிக்கலாம் என்று கணக்கிட்டிருந்தேன்.

வசனத்தை அப்படியே போட்டுத் தேடியதில் முப்பது இடங்கள் அகப்பட்டன. பச்சைக் குவிமாடம் போட்ட தளங்கள், ரோசாப்பூ போட்டவை, பொங்கும் கடலுக்கு மேல் பொன்னிற எழுத்தில் வசனத்தைப் பதித்தவை. ஒன்றில் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரையே குத்தியிருந்தார்கள். சரிபார்த்தவர் யார் என்று சொல்லவில்லை. ஒன்றில் கேள்வி பதில் பகுதி. கேட்டவருக்குப் பெயர் இருந்தது, பதில் சொன்னவருக்கு இல்லை. எழுதியவர் என்ற இடத்தில் பெரும்பாலும் 'நிர்வாகி' என்று இருந்தது. தொடர்புகொள்ளக் கொடுத்திருந்த முகவரிகளில் பதினொன்றுக்கு எழுதினேன். மூன்று திரும்பி வந்தன. இரண்டு பேர் பதில் எழுதினார்கள்: ஒருவர் 'ஜஸாக்கல்லாஹ் ஹைரன்' என்று நன்றி மட்டும், இன்னொருவர், தம் தளத்துக்கு உதவி அனுப்ப முடியுமா என்று.

எல்லா இடத்திலும் பாகம் நான்கு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. முதல் இரண்டு நாள் அந்த ஒற்றுமை எனக்குத் தெம்பு தந்தது. மூன்றாம் நாள், பாலாவிச் சந்தியில் பஸ் நெடுநேரம் நின்றபோது, அதே ஒற்றுமை என்னை உறுத்தத் தொடங்கியது. பழைய கிதாபுகள் பல நாடுகளில் பல அச்சகங்களில் அச்சாகின்றன. ஒரு பதிப்பின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மற்றொன்றில் நூற்று எண்பதாக இருக்கும், முந்நூறாகவும் இருக்கும். முப்பது பேர் தத்தம் கையிலிருந்த நூலைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்தாறு இலக்கங்களாவது வந்திருக்க வேண்டும். ஒரே இலக்கம் வருகிறதென்றால் திறந்து பார்த்தவர் ஒருவர். அல்லது ஒருவருமில்லை.

எனவே நூலைத் தேடினேன். அரபு நூல்களை ஒளிவருடிப் போட்டுவைத்திருக்கும் எண்ணிம நூலகங்கள் சில உண்டு. அவற்றை நான் மதிக்கிறேன். அட்டை, பதிப்பாளர், பதிப்பித்தவர் பெயர், அச்சுப்பிழைத் திருத்தம் வரை எல்லாம் அங்கே கண்ணெதிரே இருக்கும். ஆனால் என் அரபு மெதுவானது, பஸ் வேகமானது. அந்தப் பெயரில் ஒரு மூலநூல் இருந்தது. அதற்கு விளக்கவுரை இருந்தது. விளக்கவுரைக்கு ஓரக்குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள். இமாமின் பெயரிலேயே அவருடைய பேரரும் இருந்தார். எந்தெந்தப் பதிப்புக்கு நான்கு பாகம் இருந்ததோ அவற்றையெல்லாம் இறக்கினேன். என் மாதாந்த டேட்டா இரண்டாம் வாரத்தில் தீர்ந்தது. நான்காம் பாகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை விரலால் பெரிதாக்கி, சொல் சொல்லாக வாசித்தேன். மற்றவற்றில் வேறு விஷயங்கள்; ஓதுமிடங்களில் புழங்கும் பதிப்பில் அது தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவது பற்றிய பக்கம். மரத்தில் நிற்கும் காய் யாருக்குச் சொந்தம் என்று பேசிக்கொண்டிருந்தது.

களைப்பு எனக்கு அன்றுதான் வந்தது. மேடைக் களைப்பு இனியது. அதில் வியர்வையும் கைதட்டலும் உண்டு. இந்தக் களைப்பில் ஒன்றுமில்லை. பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகள் மடியில் திருத்தாமல் கிடந்தன. உம்மா ஒவ்வொரு மாலையும், "சாச்சிக்கு இன்னும் பதினாறு நாள்", "பதினைந்து நாள்" என்று சோறு போடும்போது சொல்வார்; வேறு நோக்கத்தோடு அல்ல, நாள் எண்ணுவது வீட்டு வழக்கம். எனக்கு ஒவ்வோர் எண்ணும் ஹவுலடியில் கேட்ட குரலில் கேட்டது.

பிறகு தேடும் முறையை மாற்றினேன். எந்தத் தளம் நம்பத்தக்கது என்று பார்த்துக்கொண்டிருந்தவன், எது முந்தியது என்று பார்க்கத் தொடங்கினேன். முப்பதையும் திகதி வாரியாக ஒரு கொப்பியில் எழுதினேன். இருபத்தொன்று கடந்த மூன்று ஆண்டுக்குள் வந்தவை, அவற்றை அடித்தேன். மிச்சம் ஒன்பதில் யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று பின்னோக்கிப் போனேன். ஒரு தளம் மூடப்பட்டிருந்தது. ஒரு வலைப்பூ, ஒரு முகநூல் பக்கத்துக்கு நன்றி சொல்லியிருந்தது. முகநூல் பக்கத்தில் வசனத்தின் கீழே ஒரு காணொளியின் இணைப்பு இருந்தது: மீலாத் விழா விவாதப் போட்டி, மாவட்ட இறுதிச் சுற்று.

பஸ் மாம்புரியைக் கடந்து, காற்றாடிக் கோபுரங்கள் சுழலும் நேர்வீதியில் போய்க்கொண்டிருந்தது. காதில் ஒலிவாங்கியின் கரகரப்பு. பின்னால் பச்சைத் துணியில் பதாகை. தனக்குப் பெரிதான வெள்ளைச் சேர்ட்டின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு மெலிந்த ஒருவன் நிற்கிறான். தலைப்பு: கடல் எங்களுக்குத் தந்தது அதிகமா, எடுத்தது அதிகமா. அவன் தந்தது அதிகம் என்ற அணி. எதிரணித் தலைவர் சற்றுமுன் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்: கடல் உயிரை மட்டுமா எடுக்கிறது, கடைசியில் ஜனாஸாத் தொழுவதற்கு உடலையும் தராமல் எடுத்துக்கொள்கிறதே, அதற்கு என்ன பதில்? அரங்கம் அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. எச்சரிக்கை மணி அடிக்கிறது. மெலிந்தவன் கையை உயர்த்துகிறான். "கடல் கொண்டவனைக் கடலே குளிப்பாட்டிவிட்டது" என்று தொடங்குகிறான். வசனத்தை முடிக்கிறான். ஒரு நொடி நிறுத்துகிறான். இமாமின் பெயர். கிதாபின் பெயர். பாகம். பக்கம்.

கைதட்டல் முப்பத்தைந்து விநாடி நீடிக்கிறது. பஸ்ஸில் அதை முழுவதும் கேட்டேன்.

இமாமின் பெயர் எங்கிருந்து வந்தது என்று பின்னர் நினைவு வந்தது: நடுவர் மேசையில் கிடந்த ஒரு கிதாபின் முதுகில் இருந்தது. வசனம் மூச்சிலிருந்து வந்தது. அப்போது எனக்கு எதுவும் மூச்சிலிருந்து வரும். இருநூற்றுப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இறங்கவேண்டிய இடம் கடந்துபோய்விட்டது. பள்ளிவாசல்துறைப் பக்கம் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன்.

அடுத்த நாட்களில் இன்னொன்றும் செய்தேன். வசனத்தைக் கழித்துவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மூலநூல்களுக்குப் போனேன்: கடலில் மூழ்கி உடல் கிடைக்காதவருக்குத் தொழலாமா? விடை இருந்தது; ஒன்றல்ல, இரண்டு. குளிப்பாட்டிய பின்பே தொழுகை, குளிப்பாட்ட உடலில்லாதபோது தொழுகையும் இல்லை என்று எங்கள் சட்டநெறியான மத்ஹபிலேயே ஒரு சாரார் எழுதியிருந்தார்கள். முடியாததை முன்னிட்டு முடிந்ததைக் கைவிடுவதா, தொழுக என்று வேறு சிலர் எழுதியிருந்தார்கள். கடலே குளிப்பாட்டியது, அலை தொழுதது என்று எவரும் எழுதவில்லை. குளிப்பாட்டலும் தொழுகையும் வேண்டாம் என்ற, போர்க்களத்து ஷஹீதுக்கு உரிய சட்டத்தையும் மூழ்கியவருக்கு உரிய கூலியையும் அன்று மேடையில் ஒன்றாகக் குழைத்துவிட்டிருந்தேன்.

இந்த இடத்தில் எனக்குள் ஒரு வழக்கறிஞன் எழுந்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன். தொழத் தேவையில்லை என்ற முடிவுக்குப் பெரியவர்களின் ஆதரவு இருக்கிறதே, காரணம் மட்டும்தானே பிழை, அதை யார் கிளறப்போகிறார்கள் என்றான். அவனுடைய வாதம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அவனோடு கிடந்தேன். இரண்டாம் நாள் மாலை உம்மா, "இன்னும் ஏழு நாள்" என்றார். சோற்றை வைத்துவிட்டு எழுந்து பள்ளிக்குப் போனேன்.

ஹஸரத் தம் அறையில் பாணைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கிதாபு கிடைச்சதா?"

"கிடைச்சது. பாகம் நான்கு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்..."

"தோட்டக் குத்தகை" என்றார் அவர்.

நான் எதிரே கிடந்த பாயில் அமர்ந்தேன்.

"ஓதப்போன முதல் மாசமே நூலகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தைத் தொறந்தன்டா. என்னை எதால அடிச்சான் எண்டு பார்க்கணுமே. குத்தகை! உஸ்தாத் வந்து, 'என்ன, தோட்டம் எடுக்கப்போறியா?' எண்டு கேட்டார்." வாயில் பாணோடு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இஞ்ச வந்து ஹாஜியார் அதே வசனத்தைக் காட்டினப்பதான் அது உலகம் சுத்தி வந்திருக்கு எண்டு தெரிஞ்சிச்சி."

"அப்ப நீயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? 'போட்டியில தோத்தவன், வயித்தெரிச்சல்ல கதைக்கிறான்' எண்டிருப்பாங்க. வந்து ரெண்டு மாசமாகல்ல, நான் சம்பளத்துக்கு நிக்கிற ஆள். நீதான்டா சொல்லணும்."

நிர்வாகசபை மறுநாள் மாலை மக்ரிபுத் தொழுகைக்கு முன் கூடியது. ஏழு பேர் இருந்தார்கள். நான் எழுந்து நிற்கவில்லை. எழுந்தால் பேச்சாகிவிடும் என்று பயந்து, கதிரையில் இருந்தபடியே சொன்னேன்.

"ஹாஜியார், அண்டைக்கு நீங்க வாசிச்ச வசனம் இணையத்தில முப்பது இடத்தில இருக்கு, ஒண்ணிலயும் ஆதாரம் இல்லை."

"என்ன தம்பி கதைக்கிறீங்க? நீங்கதானே ஓம் எண்டு சொன்னீங்க?"

"பிழையாச் சொல்லிட்டேன்."

"முப்பது இடத்தில போட்டிருக்காங்க, நானே பார்த்தன். முப்பது பேரும் பொய்யா?"

"முப்பதும் நான்தான் ஹாஜியார்."

யாரோ சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். போனை மேசையில் வைத்துக் காணொளியைப் போட்டேன். ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைதட்டல் ஓயும்வரை பார்த்தார். அவ்வளவு நேரமும் அறையில் அந்தக் கைதட்டல் மட்டும் கேட்டது.

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க" என்றார். அதைவிட எவர் எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

மீனுக்கான ஐஸ் வாடி வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் குறுக்கிட்டார். "அப்ப இண்டைக்கு இவர் சொல்றதை மட்டும் எப்பிடி நம்புற? இதும் பேச்சுத்தானே?"

கேள்வி நியாயமானது. மூலநூல்களின் பக்கங்களை அட்டை உட்படப் புத்தளத்தில் அச்செடுத்து வந்திருந்தேன். இரண்டு கருத்துக்கும் உரிய பக்கங்களை, தொழ வேண்டாம் என்பதை மேலாகவும் தொழலாம் என்பதைக் கீழாகவும் வைத்து, ஹஸரத்தின் முன் தள்ளினேன். அவர் ஒவ்வொன்றையும் அரபில் வாசித்துத் தமிழில் சொன்னார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஒருவர் கொட்டாவி விட்டார்.

"ரெண்டு பக்கமும் பெரிய ஆக்கள்தான்" என்று ஹஸரத் முடித்தார். "குடும்பம் கேக்குது. தொழலாம் எண்டவங்க பக்கம் நிண்டா பிழையில்ல."

"நாலு மாசம் கழிச்சு இப்ப தொழுதா ஊர் என்ன சொல்லும்?" என்றார் ஹாஜியார்.

"ஊர் நாலு தக்பீர் சொல்லும் ஹாஜியார். வேறென்ன சொல்ல இருக்கு?"

ஹாஜியார் கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் என்று எழுதினார். அச்செடுத்த தாள்களையும் வாங்கி அதற்குள் செருகி வைத்தார்.

நீலப்பூத் திரைச்சீலையின் முன் மறுபடியும் அதே கதிரை. இத்தா முடிய நான்கு நாள் இருந்தது. இம்முறை நான் சுருக்கமாகச் சொன்னேன். வசனம் என்னுடையது, இமாமுடையது அல்ல, போட்டியில் வெல்வதற்காகச் சொன்னது, வெள்ளிக்கிழமை தொழப்போகிறார்கள்.

அவர் தொழுகையைப் பற்றி முதலில் கேட்கவில்லை.

"அப்ப அலை தொழல்லியா மகன்?"

"நான் நாலு மாசமா அதைத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தன்" என்றது திரைக்கு அப்பாலிருந்த குரல். "சத்தம் கேக்கிற நேரமெல்லாம், இந்தா தொழுறாங்க, இந்தா தொழுறாங்க எண்டு. வீடு கடலுக்குப் பக்கம்தானே. காது மூட ஏலாதே."

மேடையில் நான் எடுத்துப் பேசாத தலைப்பு இல்லை. பொய்யான வசனமொன்றால் ஆறுதலடைந்தவரிடமிருந்து அதைப் பறிப்பது சரியா என்று யாரேனும் தலைப்புக் கொடுத்திருந்தால், இரு பக்கமும் பேசியிருப்பேன். அன்று ஒரு பக்கமும் பேச வரவில்லை.

"இல்லை சாச்சி. அது நான் சொன்னது."

வெளியே அலைச் சத்தம் கேட்டது. இருவருமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"கெட்ட வேலை செஞ்சீங்க மகன்" என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. "சரி. அப்ப ஆக்கள் தொழட்டும். மைக்கைப் போடச் சொல்லுங்க. எனக்கு இஞ்ச கேக்கணும்."

வெள்ளிக்கிழமை எங்கள் துறையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் மணலில் ஏற்றப்பட்டுக் கிடந்தன. ஜும்ஆ முடிந்ததும் ஹஸரத் என்னை முன்னால் அழைத்தார். இரவல் வாங்கிய சொல் ஒன்றுமில்லாமல் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதிலும் மூன்று இடத்தில் கைதட்டலுக்கான நிறுத்தம் இருந்ததைக் காலையில் கவனித்துக் கிழித்துவிட்டேன். ஒலிவாங்கியில் சொன்னது இவ்வளவே: கடல் கொண்டவருக்குத் தொழத் தேவையில்லை என்று பரவும் வசனம் எந்த இமாமும் சொன்னதல்ல. அதைச் சொன்னவன் நான். சாச்சாவின் தொழுகை பிந்தியதற்கும் நானே காரணம். குடும்பத்தாரிடமும் ஊராரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பக்கம் எதுவும் யாரும் கேட்கவில்லை. நான் வரிசைக்குத் திரும்பினேன்.

ஜனாஸாத் தொழுகையில் குனிதலும் இல்லை, நெற்றி நிலத்தில் படும் ஸுஜூதும் இல்லை. நின்ற நிலையில் நான்கு தக்பீர், ஸலாம். முன்னால், மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பாய். எண்ணெய்க் கேனைப் பிடித்து மிதந்தவர் முதல் வரிசையில், எனக்கு நேர் முன்னால் நின்றார். மூன்றாம் தக்பீரில் அவருடைய தோள் ஆடியது. மைக் கரகரத்தாலும் சத்தம் நன்றாக வெளியே போயிற்று. நான்கு நிமிடமும் ஆகியிராது. நான்கு மாதம் தடுத்து வைத்தது இதைத்தானா என்று எண்ணியபடி செருப்பைத் தேடினேன்.

சாச்சி இத்தா முடித்து வெளியே வந்து சில வாரமாகிறது. கோபம் தீர்ந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வசனம் நிற்கவில்லை. சென்ற கிழமை வட்ஸ்அப்பில் தூரத்து உறவினரின் குழு ஒன்றில், அந்தி வானத்துக் கடல் படத்தின் மேல் மறுபடி வந்தது. 'இதற்கு ஆதாரமில்லை, இதைச் சொன்னவன் நான்' என்று எழுதினேன். அறிமுகமில்லாத ஒருவர், 'நீங்கள் சொல்வதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டார். காணொளியை அனுப்பினேன். 'மாஷா அல்லாஹ், அருமையான பேச்சு' என்று பதில் வந்தது.

சாச்சி இப்போது தமக்கு வருகிற வசனங்களையெல்லாம் எனக்கு அனுப்புகிறார். நோய்க்கு ஓதுவது, கனவுக்குப் பொருள், வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டியது, பாகத்தோடும் பக்கத்தோடும். கீழே குரல் பதிவில் ஒரே கேள்வி: "இது ஆரு சொன்னது மகன்?" நான் பஸ்ஸில் தேடுகிறேன். சிலவற்றுக்கு நூல் கிடைக்கிறது. பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன். பெரும்பாலானவற்றுக்கு, புத்தளம் வந்து சேர்வதற்குள், 'தெரியாது சாச்சி' என்றே எழுதுகிறேன்.